ஆகஸ்டில் எழுதப்படாத பெயர்

இங்கிலாந்தில் கால்பந்து சீசன் ஆகஸ்டில் தொடங்கும். அதற்கு முந்தின வாரம் பத்திரிகைகள் முன்னோட்டம் போடுவது அங்கே பழைய வழக்கம். அணிக்கு ஒரு கட்டம்: போன முறை பிடித்த இடம், கோடையில் வந்தவர்கள், போனவர்கள், இந்த முறை எதிர்பார்க்கும் இடம், கடைசியாக அணியைத் தூக்கி நிறுத்தப்போகிறவர் என்று ஒரு பெயர். அந்தப் பெயர் எப்படி வருகிறது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. போன சீசனில் அதிக கோல் போட்டவர், அல்லது கோடையில் அதிக விலைக்கு வாங்கப்பட்டவர். எழுதுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் மே மாதத்தில் திரும்பிப் பார்த்தால் அந்தப் பெயர்களில் பல பொருந்தாமல் கிடக்கும். காயம், அதிர்ஷ்டம் என்று சமாதானம் சொல்லிவிடலாம். காரணம் இன்னும் ஆழத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர் ஆட்டக்காரர் என்ன செய்வார் என்பதை ஓரளவு கணிக்கலாம். அவர் அணிக்கு எவ்வளவு தேவைப்படுவார் என்பதோ, அணியில் எந்த இடம் காலியாகிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் காலியிடம் ஆகஸ்டில் பெரும்பாலும் உருவாகியே இருக்காது; உருவாகியிருந்தாலும் வெளியே தெரியாது.

கணிப்பு அங்கே முதலில் ஆட்களைப் பற்றியதாக இருக்கவில்லை. 1923இல் லிட்டில்வுட்ஸ் நிறுவனம் தன் முதல் 4,000 பந்தயச் சீட்டுகளை மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வெளியே விநியோகித்தது. நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தவை 35. அந்த 35 சீட்டிலிருந்து வளர்ந்த தொழில் பல தலைமுறைகளுக்கு இங்கிலாந்தின் சனிக்கிழமைகளை ஆண்டது. அதில் கேட்கப்பட்டதெல்லாம் ஆட்டத்தின் முடிவுதான். யார் நன்றாக ஆடுவார் என்று சீட்டு கேட்கவில்லை. தனி மனிதரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பரிசுகளோடு வந்தது. கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் 1948இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தொடங்கி ஸ்டான்லி மேத்யூஸுக்குக் கொடுத்தது. 1956இல் பிரான்சில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது தொடங்கியபோதும் முதல் பரிசு அவருக்கே. அப்போது அவருக்கு வயது 41. எல்லைக்கோட்டை ஒட்டி எதிரிகளை ஏமாற்றிக்கொண்டு ஓடும் ஆட்டம் அவருடையது. மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் அது கண்ணில் படும். அவருடைய தகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பரிசு எதைப் பார்க்கப் பழகியது என்பதற்கு அது நல்ல அடையாளம். எழுத்தாளர்கள் சங்கத்தின் பரிசைத் தொடக்கம் முதல் 2025 வரை வாங்கிய கோல்கீப்பர்கள் நான்கே பேர்: டிராட்மன், பேங்க்ஸ், ஜென்னிங்ஸ், சவுத்தால். சக ஆட்டக்காரர்கள் வாக்களிக்கும் விருது 1974இல் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீட்ஸின் தடுப்பாட்டக்காரர் நார்மன் ஹண்டர். அடி வாங்கியவர்களுக்கு அடித்தவரின் அருமை தெரியும் போலும்.

காலியிடம் ஒருவரை எப்படி உருவாக்குகிறது என்பதை 1992இன் மான்செஸ்டர் யுனைடெட்டில் கிட்டத்தில் பார்க்கலாம். முந்தின சீசனில் பட்டத்தை லீட்ஸிடம் பறிகொடுத்த அணி அது. லீக் பட்டம் வாங்கி 25 ஆண்டு ஆகியிருந்தது. கோல் போட ஆள் வேண்டும் என்பது மேனேஜர் அலெக்ஸ் பெர்குசனுக்குத் தெரிந்தே இருந்தது. அவர் விரும்பிய ஆலன் ஷீரர் பிளாக்பர்னுக்குப் போய்விட்டார். அதனால் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு டியான் டப்ளினை வாங்கினார்கள். ஆகஸ்டில் யுனைடெட்டின் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தவர் முன்னால் இருந்த பெயர்கள் டப்ளின், மார்க் ஹியூஸ், இளைஞர் ரயான் கிக்ஸ். செப்டம்பர் 2ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸுடன் ஆடும்போது டப்ளினின் கால் முறிந்தது. இலையுதிர் காலத்தில் கோல்கள் வற்றின. நவம்பரில் லீட்ஸின் நிர்வாகி பில் ஃபோதர்பி, யுனைடெட்டின் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸுக்குப் போன் செய்தார். அவர் கேட்டது தடுப்பாட்டக்காரர் டெனிஸ் இர்வினை. இர்வினைத் தரமாட்டோம் என்று சொன்ன கையோடு, லீட்ஸின் முன்கள ஆட்டக்காரர் எரிக் கான்டோனாவைத் தருவீர்களா என்று இந்தப் பக்கத்திலிருந்து கேள்வி போனது. சில நாட்களில் 12 லட்சம் பவுண்டுக்குப் பேச்சு முடிந்தது. கான்டோனா வந்தார், யுனைடெட் 10 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது.

ஆகஸ்டில் கான்டோனா பட்டம் வென்ற எதிரணியின் ஆள். யுனைடெட்டின் கட்டத்தில் அவர் பெயரை எழுத வழியே இல்லை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த சீசனில் யுனைடெட்டுக்காக லீக்கில் அவர் போட்டது 9 கோல், ஹியூஸ் 15. யுனைடெட் ரசிகர்கள் அந்த ஆண்டின் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தது நடுக்களத்தில் ஆடிய பால் இன்ஸை. நாட்டின் சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்தது ஆஸ்டன் வில்லாவின் பால் மெக்ராவை. அவர் முழங்கால் தேய்ந்தவர் என்று 1989இல் இதே யுனைடெட் 4 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்ட ஆள். சீசன் முடிந்து எல்லா எண்ணிக்கையும் கையில் இருக்கும்போதே ஒருமித்த பதில் கிடைக்கவில்லை என்றால், தொடங்கும் முன் எங்கிருந்து கிடைக்கும்? என் கணக்கில் அந்த ஆண்டு யுனைடெட்டுக்கு முக்கியமானவர் கான்டோனாதான். டப்ளின் விட்ட இடத்தை அவர் அப்படியே நிரப்பவில்லை. முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடையில் நின்று பந்தை வாங்கி மற்றவர்களை ஓடவிட்டார். அணிக்கு அப்படி ஓர் இடம் இருந்தது என்பதே அவர் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஓர் உதாரணத்தை வைத்துக் கொடி பிடிக்கிறேன் என்று சொல்லலாம். நியாயமான கேள்வி, கதை நன்றாக இருப்பதால் நினைவில் நிற்கும் சீசன்களை மட்டும் பொறுக்குவது எளிது. அதனால் எல்லாரும் அறிந்த, எல்லாரும் கணித்துத் தோற்ற ஒரு சீசனை எடுத்துக்கொள்வோம். 2015 கோடையில் லெஸ்டர் சிட்டி இழந்தது முந்தின சீசனில் தன் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான எஸ்டெபான் காம்பியாசோவை. புது மேனேஜர் ரனியேரி, ஃபாரோ தீவுகளிடம் தோற்றதற்காக கிரீஸ் தேசிய அணியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தவர். லெஸ்டர் பட்டம் வெல்ல பந்தயக் கடைகள் கொடுத்த விலை 5,000க்கு 1. அணியின் காலியிடம் இந்த முறை வெளிப்படையாகவே தெரிந்தது: நடுக்களம். ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரான்சின் கான் கிளப்பிலிருந்து என்கோலோ கான்டேயை 56 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ஐந்தரை அடி உயரம், மூன்று ஆண்டுக்கு முன் பிரெஞ்சு மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தவர். இரண்டு வாரம் கழித்து நாபொலியிலிருந்து சுவிட்சர்லாந்து கேப்டன் கோகான் இன்லரும் வந்தார். காம்பியாசோவின் இடத்துக்கு யார் என்று அன்று கேட்டிருந்தால் பெரும்பாலோர் இன்லரைத்தான் காட்டியிருப்பார்கள். அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய லீக் ஆட்டங்களே. கான்டே அந்த சீசனில் 175 முறை எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்தார்; லீக்கில் வேறு யாரும் அவ்வளவு பறிக்கவில்லை. லெஸ்டர் 81 புள்ளியோடு பட்டம் வென்றது. பரிசுகள் வழக்கப்படி பிரிந்தன: சக ஆட்டக்காரர்களின் விருது ரியாத் மஹ்ரெஸுக்கு, எழுத்தாளர்களின் விருது ஜேமி வார்டிக்கு.

அடுத்த ஆண்டு நடந்ததை யாரோ வேண்டுமென்றே வைத்த சோதனை என்று சொல்லத் தோன்றும். மஹ்ரெஸும் வார்டியும் லெஸ்டரிலேயே இருந்தார்கள். கான்டே செல்சிக்குப் போனார். முந்தின சீசனில் 10ஆம் இடத்தில் இருந்த செல்சி பட்டம் வென்றது; பட்டம் வென்ற லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது, பிப்ரவரியிலேயே ரனியேரி வேலை இழந்தார். இரண்டு விருதுகளும் அப்போது கான்டேயைத் தேடி வந்தன, ஓராண்டு தாமதமாக. இதை முழுச் சான்றாக வைக்கக்கூடாது என்பது சரிதான். செல்சிக்கு அந்த ஆண்டு அந்தோனியோ கோன்டே என்ற புது மேனேஜர், புது அமைப்பு, ஐரோப்பிய ஆட்டங்கள் இல்லாத ஓய்வு. லெஸ்டருக்கோ சாம்பியன்ஸ் லீக் சுமை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: 2015-16இல் பரிசு வாங்கிய இருவரும் மறு ஆண்டு அதே சட்டையில் இருந்தும் அணியால் தன் உயரத்தில் நிற்க முடியவில்லை.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே மறுப்பார்கள். கான்டேயைக் கண்டுபிடித்ததே புள்ளிவிவரமும் அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும்தானே என்பார்கள். உண்மை. ஆட்டத்தை எண்ணும் பழக்கமும் புதிதல்ல. விமானப்படையில் கணக்கராக இருந்த சார்ல்ஸ் ரீப் 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தின்போது நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், பிறகு வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தார். ஆனால் நல்ல ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பது வேறு, அவர்தான் அணியின் அச்சாணி ஆவார் என்று சொல்வது வேறு. முதலாவதை லெஸ்டர் செய்தது. இரண்டாவதை லெஸ்டரும் நம்பவில்லை; நம்பியிருந்தால் இரண்டு வாரத்தில் இன்லரைத் தேடியிருக்காது. மேலும், எண்ணுகிறவர் எதற்கு மதிப்புக் கொடுக்கிறாரோ அதுதான் எண்ணிக்கையில் வரும். 1991இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபேன்டசி கால்பந்தைப் பாருங்கள், கணிப்பைக் கோடிக்கணக்கானவர்களின் விளையாட்டாக ஆக்கியது அதுதான். பிரீமியர் லீக் நடத்தும் பதிப்பில் 2015 ஆகஸ்டில் மஹ்ரெஸின் விலை 55 லட்சம். ஒப்புக்குச் சேர்க்கும் ஆட்டக்காரரின் விலை. சீசன் முடிவில் எல்லாரையும்விட அதிகப் புள்ளி அவருக்கு. பந்தைப் பறிக்கும் கான்டேயின் வேலைக்கு நேரடிப் புள்ளி அன்று கிடையாது. அத்தகைய வேலைக்கென்று தனிப் புள்ளி வந்ததே 2025-26 சீசனில்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு எர்லிங் ஹாலண்டின் பெயரில் வரும். 2022இல் அவர் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தபோது கோல் மழை பொழிவார் என்று எல்லாரும் சொன்னார்கள். 36 லீக் கோல் போட்டார், சிட்டி மூன்று கோப்பைகள் வென்றது. கணிப்பு பலிக்கத்தானே செய்தது? பலித்தது. பெரும் ஆட்டக்காரர்களின் கோல் எண்ணிக்கை மெஸ்ஸி காலத்து பார்சிலோனாவிலும் இப்படித்தான், கணிக்கக் கூடியதாகவே இருந்தது. ஆனால் அணிக்கு மிகவும் தேவையானவர் யார் என்ற கேள்விக்கு சிட்டியின் பிந்தைய இரண்டு சீசன்கள் வேறு விடை சொல்கின்றன. 2023-24இல் பட்டம் வென்ற சிட்டி லீக்கில் தோற்றது மூன்றே முறை. மூன்றிலும் நடுக்களத்தின் ரோட்ரி தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார். 2024 ஆகஸ்டில் தொடங்கிய சீசனில் ஹாலண்ட் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் 10 கோல் போட்டு முன்னோட்டக்காரர்களின் மானத்தைக் காப்பாற்றினார். அதில் ஐந்தாவது ஆட்டம் செப்டம்பர் 22இல், ஆர்சனலோடு. அதில்தான் ரோட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. சில வாரங்கள் சிட்டி சமாளித்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் 26 வரை ஆடிய 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. வேறு பலருக்கும் காயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஹாலண்டோ முழு உடல்நலத்தோடு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பந்து அவரிடம் போய்ச் சேரும் வழிதான் இல்லை. அந்தச் சரிவு தொடங்கும் நேரத்தில், அக்டோபர் 28 அன்று, ரோட்ரி ஊன்றுகோலோடு பாரிஸில் பலோன் தோர் வாங்கினார். பரிசு முந்தின சீசனுக்கு.

அதே கோடையில் லிவர்பூலுக்கும் நடுக்களத்தின் அடியில் ஓர் ஆள் தேவைப்பட்டார். ரியல் சோசிடாட் கிளப்பின் மார்ட்டின் சுபிமென்டியைக் கேட்டார்கள். அவர் வரமாட்டேன் என்றார். புது மேனேஜர் ஆர்னே ஸ்லாட், முந்தின சீசனில் பெரும்பாலும் மாற்று ஆளாக இறங்கிய ரயான் கிராவன்பெர்க்கை அங்கே நிறுத்தினார். அந்த ஆகஸ்டில் லிவர்பூலின் கட்டத்தில் இருந்த பெயர் முகமது சலா. அவர் 29 கோல் போட்டார், 18 கோலுக்குப் பந்து கொடுத்தார், இரண்டு விருதுகளையும் அள்ளினார். லிவர்பூல் பட்டம் வென்றது. சலாவை முக்கியமானவர் என்று எழுதியவர்கள் இந்த முறை பிழை செய்யவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நடுக்களத்தைத் தாங்கிய கிராவன்பெர்க்கின் பெயரை எழுதியிருக்க ஒருவருக்கு சுபிமென்டியின் மறுப்பும் ஸ்லாட்டின் முடிவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்போது அது லிவர்பூலுக்கே தெரியாது.