14 ஆண்டுகள் நீடித்த தவறணைப் பணிப்புறக்கணிப்பு

நீண்ட தொழிலாளர் போராட்டங்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அயர்லாந்தின் டவுனீஸ் தவறணையின் கதையைத்தான். டப்ளினுக்குத் தெற்கேயுள்ள டன் லேரி துறைமுக நகரில் இருந்த இத்தவறணையில் 1939 மார்ச்சில் பணிப்புறக்கணிப்பு தொடங்கியது. ஊழியர் ஒருவரின் பணிநீக்கமே அதற்குக் காரணம். உரிமையாளர் ஜேம்ஸ் டவுனி இணங்கவில்லை. தொழிற்சங்கத்தினர் பதாகையுடன் வாசலில் நின்றனர்.

தவறணை மூடப்படவில்லை; வியாபாரம் உள்ளே நடந்தது, போராட்டம் வெளியே நடந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. அயர்லாந்து நடுநிலை வகித்தது. 1945இல் போர் முடிந்தது, 1949இல் நாடு குடியரசானது. பதாகை மட்டும் வாசலை விட்டு அகலவில்லை.

1953இல் டவுனி காலமானார். அதன் பிறகே, அவ்வாண்டு நவம்பரில், இணக்கம் ஏற்பட்டது. உலகின் மிக நீண்ட பணிப்புறக்கணிப்புகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். உரிமையாளர் உயிருடன் இருந்தவரை மனம் மாறவில்லை. ஆனால் தொழிலாளர் விலகியிருந்தால் அந்தப் பிரச்சினை சில மாதங்களிலேயே மறக்கப்பட்டிருக்கும். அது தீரவில்லை என்பதை 14 ஆண்டுகள் ஊருக்கு நினைவூட்டியவர்கள் வாசலில் நின்றவர்களே.