கங்கை டால்ஃபினும் தடுப்பணைகளும்

டால்ஃபின் என்றால் கடல்தான் நினைவுக்கு வரும். நம் கடலோர மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். ஆனால் கடலுக்கே போகாத ஒரு டால்ஃபின் கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் வாழ்கிறது. நொய்யலிலோ பவானியிலோ தேடிப் பயனில்லை, காவிரிப் பக்கம் இந்த இனம் கிடையாது.

அதன் கண்ணில் லென்ஸே இல்லை. கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் மீன் பிடிக்கிறது. மூச்சுவிட மேலே வரும்போது எழும் சத்தத்தை வைத்து 'சுசு' என்றும் பெயர்.

இதைக் கொல்லக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டவர் யார் தெரியுமா? அசோகர்! முடிசூடி 26 ஆண்டுகளுக்குப் பின் வெட்டுவித்த தூண் கல்வெட்டில், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியலில் 'கங்காபுபுடகா' என்று ஒரு பெயர் வருகிறது. அது இந்த டால்ஃபின்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

அறிவியல் பெயர் கிடைத்தது 1801இல். வைத்தவர் லெபெக். 1797இல் மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவரும் இவரே. அந்த நூற்றாண்டின் கடைசியில்கூட, யமுனையில் தண்ணீர் வற்றும் மே மாதத்திலும் டெல்லி வரை டால்ஃபின் இருந்ததாக ஜான் ஆண்டர்சன் 1879இல் பதிவு செய்தார்.

இன்று டெல்லியில் இல்லை. வேட்டையும் நடந்தது, அதன் எண்ணெயைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் பெரிய அடி தடுப்பணைகள். கல்கத்தா துறைமுகம் மண் மூடாமலிருக்க, ஹூக்ளிக்குத் தண்ணீர் திருப்பும் ஃபராக்கா தடுப்பணை 1975இல் திறக்கப்பட்டது. மேலே இருந்தவை மேலே, கீழே இருந்தவை கீழே என்று கூட்டம் பிரிந்தது. கோடையில் ஆழமான மடு இருந்தால்தான் டால்ஃபின் பிழைக்கும். தண்ணீர் கால்வாய்க்குப் போய்விட்டால் மடு ஏது?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. மேட்டூர் 1934, பவானிசாகர் 1955. கீழ்பவானி வாய்க்காலில் விளைந்த நெல்லும் மஞ்சளும் வரவில் ஏறின. ஆற்றுக்குள் குறைந்ததற்கு யார் பற்று எழுதினார்கள்?

1972 வனவிலங்குச் சட்டம் டால்ஃபினை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2009இல் தேசிய நீர்வாழ் விலங்கானது. சீனாவின் யாங்சி ஆற்றில் 2006இல் தேடியபோது அங்கிருந்த டால்ஃபின் இனத்தில் ஒன்றுகூடத் தென்படவில்லை. இந்திய ஆறுகளில் 2021 முதல் 2023 வரை எடுத்த கணக்கு 2025 மார்ச்சில் வெளியானது: மொத்தம் 6,327. அதில் 3 மட்டும் சிந்து நதி இனம். அவை பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் இருக்கின்றன, கீழே ஹரிகே தடுப்பணை.