மண்ணீரலில் எழுந்த கேள்வி

மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம், புற்றுநோய் பரவும் பாடத்தை ஸ்டீபன் பேஜெட்டிடமிருந்துதான் தொடங்குவேன். லண்டன் அறுவை மருத்துவர். 1889 மார்ச்சில் 'லான்செட்' இதழில் அவருடைய சிறு கட்டுரை வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டிப் படித்திருந்தார். கல்லீரலுக்கு நோய் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலுக்கோ 17 பேருக்குத்தான்.

ரத்தம் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலெல்லாம் புற்று வளரும் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது. மண்ணீரலுக்குப் போகும் தமனி நல்ல தடிமனானது. ரத்தத்துக்குக் குறைவே இல்லை. ரத்தத்தில் சீழ் கலந்து இறந்தவர்களின் குறிப்புகளையும் பேஜெட் எடுத்துப் பார்த்தார். அவர்களுடைய மண்ணீரலில் சீழ்க்கட்டி அத்தனை அரிதாக இல்லை. ஆக, வந்து சேர்வதில் தடையில்லை, வளர்வதில்தான் தடை. விதை எங்கும் போகும், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். இதே வழியில் முன்பே யோசித்த ஃபுக்ஸ் என்பவரின் பெயரையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவும் அவரை எனக்குப் பிடிக்கும். 'மண்ணீரலில் மாற்றமில்லை' என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்த பெயர் தெரியாத மருத்துவர்கள் இல்லாவிட்டால் அவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிறகு அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங் ரத்த ஓட்டத்தின் பாதையே போதுமான விளக்கம் என்றார். பல்லாண்டுகள் அவர் பேச்சே எடுபட்டது. 1980-ல் ஹார்ட், ஃபிட்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுண்டெலிகளின் உடலில் வேறோர் இடத்தில் நுரையீரல், சிறுநீரகத் துணுக்குகளை ஒட்டவைத்து, மெலனோமா செல்களை ரத்தத்தில் செலுத்தினார்கள். ஒட்டிய நுரையீரலில் கட்டி வளர்ந்தது, சிறுநீரகத்தில் வளரவில்லை. பேஜெட் மறுபடி பேசப்பட்டார்.

மண்ணீரலுக்குப் புற்று பரவும் அந்தச் சிலரிலும் அது எல்லா நேரமும் கட்டியாகத் தெரிவதில்லை. சில சமயம் மண்ணீரலின் ரத்தம் நிறைந்த பகுதியான சிவப்புக்கூழின் இடுக்குகளில் புற்றுச்செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். அறுத்த முகத்தில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு மஜ்ஜையைப் புற்று நிரப்பிவிட்டால், கருவில் இருந்தபோது செய்த வேலையை மண்ணீரல் திரும்பத் தொடங்கி ரத்த அணுக்களை உண்டாக்கும். அப்போது தோன்றும், ரத்தத் தட்டுகளை உண்டாக்கும் மெகாகேரியோசைட்டுகளின் கோணலான பெரிய கருக்களைப் பார்த்து, 'மேடம், இது புற்றுதானே?' என்று மாணவர்கள் கேட்பார்கள். சைட்டோகெராட்டின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றச் சொல்வேன். மார்பகத்திலிருந்து வந்த செல் பழுப்பேறும். மெகாகேரியோசைட் நிறமேறாமல் நிற்கும்.