காயமுற்ற மாணவரும் கல்லூரியின் கடமையும்

கல்லூரியில் விளையாட்டு வேண்டும் என்பதை மறுப்பவர் இன்று அரியர். ஆயின், கல்லூரிக்காக ஆடிய மாணவனொருவனின் முதுகெலும்பு முறிந்தால் அவனைத் தாங்கவேண்டியவர் யார் என்னும் வினாவுக்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை. அமெரிக்க நாடு இவ்வினாவோடு நூறாண்டுக்கு மேலாகப் போராடி வந்திருக்கின்றது.

அந்நாட்டார் உதைபந்தாட்டம் என்று கூறுவது இலங்கையில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமன்று. அது றக்பியின் வழிவந்தது. பந்தைக் காலால் உதைப்பது அதில் அரிதாகவே நிகழும். 1892ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழக அணியினர், யேல் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியபோது, ஆப்பு வடிவில் அணிவகுத்து விரைந்தோடி எதிரணியின் ஒரே இடத்தில் மோதும் முறையொன்றைக் கையாண்டனர். அதனால் விளைந்த காயங்கள் பெருகவே, இரண்டு ஆண்டுகளில் அம்முறை தடுக்கப்பட்டது. எனினும் கூட்டமாக மோதும் வழக்கம் ஒழியவில்லை. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்தனர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அவருள் பலர் பள்ளிச் சிறுவர்கள்.

அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ற் ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகிய மூன்றின் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர் ஆட்டத்தின் பகைவரல்லர். அவருடைய மகனே ஹார்வார்டின் முதலாண்டு மாணவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். நவம்பரில் யூனியன் கல்லூரி மாணவன் ஒருவன், நியூயோர்க் பல்கலைக்கழகத்துடன் நிகழ்ந்த ஆட்டத்தில் அடிபட்டு இறந்தான். இதனால் மனம் வருந்திய அப்பல்கலைக்கழகத் தலைவர் மக்கிராக்கன் பிற கல்லூரிகளையும் கூட்டினார். அக்கூட்டங்களின் பயனாக 1906இல் ஒரு சங்கம் பிறந்தது. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என வழங்கி வருகின்றது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதியும் 1906இலேயே வந்தது. நெருங்கி மோதிய ஆட்டம் மைதானமெங்கும் விரியத் தொடங்கியது.

மாணவரின் காயங்களே இச்சங்கத்தைப் பிறப்பித்தன. ஆயினும், யார் ஆடலாம், எத்தனை பருவம் ஆடலாம் என்பவற்றை வகுப்பதில் அது காட்டிய ஊக்கம், காயமுற்றவனுக்குப் பொறுப்பேற்பதில் நெடுங்காலம் காணப்படவில்லை. ஐந்து ஆண்டுகளுள் நான்கு பருவம் என்பது நீண்ட காலம் வழங்கிய விதி. பருவத்தின் தொடக்கத்திலேயே பெருங்காயமுற்றுச் சில ஆட்டங்களோடு ஒதுங்கியவனுக்கு, மருத்துவச் சான்றின்மேல் இழந்த பருவம் திருப்பி அளிக்கப்பட்டது. இது நல்ல விதியே. ஆனால் திரும்பி ஆடக்கூடியவனுக்கே அது பயன்படும்.

ஆட இயலாதவர்களின் வழக்கு கொலறாடோ மாநிலத்தில் எழுந்தது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஏர்னஸ்ற் நெமெத் என்னும் மாணவர், ஆட்டப் பயிற்சியில் முதுகில் காயமுற்றார். அவர் பல்கலைக்கழக டென்னிஸ் களங்களைப் பராமரித்துச் சம்பளம் பெற்றவர். அவ்வேலை ஆட்டத்தோடு பிணைந்தது என்று கண்ட மாநில உயர் நீதிமன்று, 1953இல் அவரை ஊழியராகக் கொண்டு நட்டஈட்டுக்கு உரியவராக்கியது. கல்லூரிகள் திடுக்கிட்டன. 1955இல் அதே மாநிலத்துப் போட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய றே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்ட வணிகம் நடத்தும் நிறுவனமன்று எனக் கூறி, 1957இல் அதே நீதிமன்று அவருக்கு எதிராகத் தீர்த்தது.

இக்காலத்திலேயே 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் தொடர் வழக்கில் புகுத்தப்பட்டது. ஊழியர் என்ற பெயர் ஆட்டக்காரருக்கு ஒட்டிவிடுமோ என்னும் அச்சத்தாலேயே அத்தொடரை உருவாக்கியதாக, 1951 முதல் 1987 வரை சங்கத்தை நிருவகித்த வோல்ற்றர் பையர்ஸ், ஓய்வுபெற்றபின் தம் நூலில் எழுதினார். கேட்பதற்கு இனிய தொடர்தான். அதன் வேலை வேறு.

1973இல் புலமைப்பரிசில்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவன ஆயின. அடுத்த ஆண்டு படிப்பு பயிற்றுநரின் கையில் என்று அறிந்த மாணவன், தலை சுற்றினாலும் அதை வெளியிடத் தயங்குவது இயல்பே. பல ஆண்டுப் புலமைப்பரிசில் வழங்கலாம் என்ற தீர்மானம் 2011இலேயே மீண்டது. மூளை அதிர்ச்சி கண்ட மாணவன் அன்றைய தினம் களத்திற்குத் திரும்பலாகாது என்ற விதிக்கும் 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழக மாணவர் கென்ற் வோல்ட்றெப், 1974 அக்டோபரில் அலபாமா அணியுடன் ஆடுகையில் முதுகுத்தண்டு பழுதுபட்டு முடங்கினார். பல ஆண்டுகளின் பின் அவர் தொழிலாளர் நட்டஈடு கோரினார். 1993இல் மாநில ஆணைக்குழு அவர் பக்கம் தீர்த்தது; காப்புறுதி நிறுவனம் வழக்காடியது. அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியராயிருந்தவரல்லர் என்ற முடிவை 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்று உறுதி செய்தது. 2024 ஆகஸ்ட் முதல், முதற்பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக் காயங்களின் மருத்துவச் செலவை மாணவன் வெளியேறிய பின்னரும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஏற்கவேண்டும் எனச் சங்கம் விதித்தது. வோல்ட்றெப் அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்னரே, காயமுற்ற நாளிலிருந்து 47 ஆண்டுகள் கழித்து, 2022இல் காலமாகியிருந்தார்.