சீட்டு எழுதியவர்களும் ஒரு சாப்பாட்டு மேசையும்

எங்கட வட்டத்தில் இரண்டு மூன்று பேர் இப்ப வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கிற வேலை. கட்டுரை மின்னஞ்சலில் வரும், குறித்த நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அங்கால் இருப்பவர்களின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. கொரோனாவோடு வந்த புதுப் பழக்கம் இது என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் உருவானது. இணையத்துக்குப் பதிலாகத் தபால் இருந்தது, அவ்வளவுதான்.

1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் தொடங்கிய யோசனை அது. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் எப்போது எழுத்தில் வந்தது, எப்படிப் பொருள் மாறியது என்பதை மேற்கோள்களோடு காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பை 1879இல் ஜேம்ஸ் மரே என்ற பாடசாலை ஆசிரியர் ஏற்றார். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு, பிரித்தானியா, அமெரிக்கா, குடியேற்ற நாடுகள் எங்கும் இருந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சடித்து அனுப்பினார். புத்தகங்களைப் படியுங்கள், ஒரு சொல் கண்ணில் பட்டால் அது வந்த வாக்கியத்தையும் நூலின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் சின்னச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்பதுதான் அதன் சாரம்.

சீட்டுகள் இலட்சக்கணக்கில் வந்தன. 1885இல் மரே ஒக்ஸ்ஃபோர்டுக்கு வீடு மாறியபோது, அவருக்காகவே தபால் திணைக்களம் வாசலில் ஒரு சிவப்புத் தபால்பெட்டியை வைத்தது.

வேலை நடந்த இடம் அவ்வளவு சொகுசில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையை மறைக்கக்கூடாது என்பதற்காகப் புதுக் கொட்டகையை நிலத்துக்குள் மூன்றடி தாழ்த்திக் கட்டினார்கள். குளிரும் ஈரமும் தாங்காமல் உதவியாளர்கள் கால்களில் பத்திரிகைத் தாளைச் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். மரேயின் பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினார்கள். பதிப்பகமோ பக்கங்கள் வேகமாக வரவில்லை என்று நெருக்கிக்கொண்டே இருந்தது. பத்து ஆண்டில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலையின் முதல் பகுதி 1884இல் வந்தபோது அது 'ஏ' எழுத்தையே தாண்டவில்லை.

தூரத்திலிருந்து வேலை செய்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வில்லியம் மைனர். கொலை வழக்கில் மனநோயாளி என்று தீர்ப்பாகி, பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவர். அவரின் கதை 2019இல் படமாகவும் வந்தது. எங்களுக்கு அவரைவிட ஃபிட்ஸெட்வர்ட் ஹோல்தான் மனதில் நிற்கிறார். அவரும் அமெரிக்கர். காசியில் சமஸ்கிருதம் படிப்பித்து, பிறகு லண்டனில் பேராசிரியராகி, அங்கே அவதூறுகளால் ஒதுக்கப்பட்டு, சஃபோக் கிராமம் ஒன்றில் தனியாக வாழ்ந்தவர். சுமார் இருபது ஆண்டுகள் நாளுக்கு நான்கு மணித்தியாலம் அச்சுப்படிகளைத் திருத்தி அனுப்பினார். ஒரு சதம் வாங்கவில்லை. 1901இல் அவர் இறக்கும்வரை மரேயை ஒருமுறைகூட நேரில் சந்திக்கவும் இல்லை.

ஹோலை இத்தனை காலம் எது பிடித்து வைத்திருந்தது? புகழ் இல்லை, காசு இல்லை. ஆனால் மறுமொழி வந்துகொண்டிருந்தது. மரே இரவிரவாக இருந்து கடிதம் எழுதினார், சந்தேகம் கேட்டார், முன்னுரைகளில் பெயர் சொல்லி நன்றி சொன்னார். நான் செய்வதை ஒருவர் வாசிக்கிறார் என்ற நிச்சயம் சும்மா விசயமில்லை. இன்றைக்கு எங்கட நண்பர்களுக்கு வருவது இயந்திரம் எழுதின நன்றியும் நட்சத்திரப் புள்ளிகளும்தான்.

இதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் எண்டு சொல்ல வரவில்லை. உழைப்பு கனபேரின் இலவசக் கொடையாக இருந்தது. பென்ஷனோ வேறு வருமானமோ உள்ளவர் மட்டுந்தான் அப்படிக் கொடுக்க முடியும். நன்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. மரே 1915இலேயே இறந்துவிட, அகராதி 1928இல்தான் நிறைவடைந்தது. அதற்கு லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். பிரதமரும் வந்தார். மேசையில் இருந்தது ஆண்கள் மட்டும். பல பத்தாண்டுகள் அச்சுப்படி திருத்திய ஈடித் தொம்சன், ஆசிரியர் குழுவில் ஆண்டுக்கணக்காக வேலை செய்த ரொஸ்ஃப்ரித் மரே, எலினர் பிராட்லி ஆகிய மூவருக்கும் மேல்மாடத்தில் இடம் கொடுத்தார்கள். ஆண்கள் சாப்பிடுவதை அங்கிருந்து பார்க்கலாம்.

அந்த அகராதியில் தவறிப்போன சொல் ஒன்றும் உண்டு: 'பொண்ட்மெயிட்'. அதன் சீட்டு எங்கேயோ தொலைந்து, உரிய தொகுதி அச்சான பிறகுதான் கிடைத்தது. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் அந்தச் சொல் ஏறியது. பொருள், அடிமைப் பெண்.

இது தற்செயல்தான், நாங்கள் இதில் பெரிய குறியீடு தேடவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும்போது அறையும் கரண்டும் தனிமையும் எங்கட கணக்கில் விழுகின்றன, வேலை மட்டும் அவர்களின் புத்தகத்தில் சேர்கிறது. அப்படியென்றால் மூன்றைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்: நியாயமான கூலி, எழுதப்பட்ட பெயர், மனிதர் ஒருவர் எழுதும் மறுமொழி. ஹோலுக்குப் பின் இரண்டும் கிடைத்தன. முதலாவதை அவர் கேட்கவில்லை, அவரால் கேட்காமல் இருக்க முடிந்தது. எங்களால் முடியாது.