கொயினா வரிசையிலிருந்து இன்சூரன்ஸ் அட்டை வரை

ஆன்சைட் போறவங்க விசாவைப் பத்து தடவை பார்ப்பாங்க. டிக்கெட்டை இருபது தடவை பார்ப்பாங்க. கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் காகிதத்தை மட்டும் பெட்டியோட அடியில் போட்டுட்டுப் போயிடுவாங்க. பல்வலி வரும்போதுதான் அதைத் தேடுவோம். பல்லுக்கு அதில் இடம் இருக்கான்னும் அப்போதான் தெரியும் :)

அந்தக் காகிதத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு. கடல் தாண்டி வேலைக்குப் போன தமிழனுக்கு உடம்பு முடியலைன்னா மருந்து யார் கொடுத்தாங்க, காசு யார் கட்டினாங்க? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பிச்சா, கதை எங்க ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நிக்குது.

நான் வேப்பம்பட்டுக்காரன். சென்னை பக்கம் ரயிலேறினா திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, அடுத்து ஆவடி. ஆவடின்னா டாங்க் ஃபேக்டரியும் 1955 காங்கிரஸ் மாநாடும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதுக்கு முன்னாடி, 1920-களில், மலேயாவுக்குக் கப்பலேறப் போற தோட்டத் தொழிலாளர்களைத் தங்க வைக்கிற முகாம் ஆவடியில் இருந்தது. இன்னொரு முகாம் நாகப்பட்டினத்தில். கங்காணி கூட்டிவந்த ஆட்களை டாக்டர் பார்ப்பார், அம்மை குத்துவாங்க, தேறினவங்களைக் கப்பலேத்துவாங்க. சிலோன் போறவங்களுக்கு இதே வேலையை மண்டபம் முகாம் செய்தது. இன்னைக்கு வளைகுடா வேலைக்குப் போறவங்க விசாவுக்கு முன்னாடி மெடிக்கல் போறாங்களே, அதோட தாத்தா இதுதான்.

அக்கரையில் என்ன நடந்தது?

முதலில் சிலோன். காபித் தோட்டக் காலத்தில் தொழிலாளர்கள் மலைநாட்டுக்கு நடந்தே போனாங்க. காலராவும் காய்ச்சலும் வழியிலேயே நிறைய பேரைக் கொண்டுபோச்சு. பிழைச்சுப் போய்ச் சேர்ந்தவனுக்கும் தோட்டத்தில் வைத்தியம்னு பெரிசா எதுவும் கிடையாது. 1872-ல்தான் அங்கே மருத்துவத் தேவைகளுக்குன்னு ஒரு அவசரச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாப் பிரிச்சு, தோட்டக்காரர்கள் கிட்ட வரி வாங்கி ஆஸ்பத்திரி நடத்துறதுதான் திட்டம். தொழிலாளியின் வைத்தியச் செலவில் முதலாளிக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் சொன்ன ஆரம்ப முயற்சிகளில் இது ஒண்ணு. பிஸ்மார்க் ஜெர்மனியில் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1883-ல். அதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடி இது நடந்திருக்கு.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். ஜெர்மன் திட்டத்தில் தொழிலாளியும் சந்தா கட்டினான், நிர்வாகத்தில் அவனுக்கும் குரல் இருந்தது. சிலோன் திட்டத்தில் நம்ம ஆளை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

அடுத்து மலேயா. இங்கே வில்லன் மலேரியா. ரப்பர் போடக் காட்டை அழிச்சாங்க, கொசு பெருகினது, ஆட்கள் செத்தாங்க. 1911-ல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேல சாவு. அதில் பெரும்பாலும் தமிழர்கள். மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சது 1897-ல். அதை வெச்சு மால்கம் வாட்சன்ங்கிற டாக்டர் 1901-லேயே கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடிய வெச்சுக் காய்ச்சலைக் குறைச்சுக் காட்டிட்டார். ஆனா தோட்டம் முழுக்கக் கால்வாய் வெட்டக் காசு ஆகும். அதைவிட மலிவு கொயினா.

அதனால் காலையில் பெரட்டுக்கு நிக்கும்போதே கொயினா. பேர் கொடு, கசப்பை விழுங்கு, வேலைக்குப் போ. அந்தக் கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்தை நம்ம நீலகிரியில், நடுவட்டம் பக்கம், 1860-களிலிருந்தே அரசாங்கம் வளர்த்துட்டு இருந்தது.

1912-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்டத்தில் ஆஸ்பத்திரி, மருந்து கொடுக்க டிரஸ்ஸர் எல்லாம் முதலாளியின் பொறுப்பாச்சு. 1907-லேயே தொடங்கின குடியேற்ற நிதி இன்னொரு பக்கம். எத்தனை ஆள் வேலை செய்றாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி முதலாளிகள் பணம் கட்டணும். ஆள் கொண்டுவரும் கப்பல் செலவும் அதிலிருந்துதான், வேலை செய்ய முடியாமப் போனவங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவும் அதிலிருந்துதான். வாசகத்தைக் கொஞ்சம் மாத்தினா இன்னைக்கு இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிற ஷரத்து மாதிரியே இருக்கும்!

இதையெல்லாம் கருணைன்னு எடுத்துக்கவும் முடியலை, வெறும் கொடுமைன்னு தள்ளவும் முடியலை. மருந்து உண்மையிலேயே உயிரைக் காப்பாத்தியது. ஆனா அது போய்ச் சேர்ந்தது ஆளுக்கு இல்லை, அவனோட வேலைக்கு. வேலையைக் கெடுக்கிற நோய்க்கு மருந்து இருந்தது. வேலையே செய்ய முடியாதுன்னு ஆனவனுக்குக் கப்பல் டிக்கெட் இருந்தது.

முதலாளி மாறினா என்ன ஆகும்ங்கிறதுக்குச் சயாம்-பர்மா ரயில் பாதையே சாட்சி. 1942-43-ல் ஜப்பான் ராணுவம் மலேயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அந்த 415 கிலோமீட்டர் பாதை போடக் கொண்டுபோனது. உலகக் கொயினாவில் பெரும்பகுதி விளைஞ்ச ஜாவா அப்போ ஜப்பான் கையில். இருந்தும் காட்டு முகாமில் கிடந்த நம்மாளுக்குக் கொயினா கிடைக்கலை. போர்க் கைதிகளோட அவங்க ராணுவ டாக்டர்களாவது கூட இருந்தாங்க. தமிழ்த் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. எத்தனை பேர் செத்தாங்கன்னு சரியான கணக்குகூட கிடையாது.

இனி நம்ம காலம். சவுதி 1999-ல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் போட்டது. அபுதாபி 2005-ல், துபாய் 2013-ல். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட் ஆட்களுக்கு 2008-லிருந்து முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாகணும். முதலில் 5,000 வெள்ளி, 2010-ல் 15,000, 2023 ஜூலையிலிருந்து 60,000. இது ஆஸ்பத்திரியில் படுக்கிற செலவுக்கு. சாதாரணக் காய்ச்சலுக்கும் மாத்திரைக்கும் தனித் திட்டம் வந்தது 2022 ஏப்ரலில்தான். விடுதிகளில் கொரோனா பரவின 2020-க்கு அப்புறம்.

நம்ம அரசாங்கமும் 2003-ல் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கொண்டுவந்தது. பத்தாவது தேறாதவங்க வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய நாடுகளுக்கு இது கட்டாயம். 2017-ல் மாத்தின விதிப்படி இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375. விபத்தில் இறந்தா பத்து லட்சம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தா ஒரு லட்சம் வரை.

எங்க சித்தப்பா சவுதியில் வெல்டர். கும்மிடிப்பூண்டி பட்டறைகளில் கத்துக்கிட்ட வேலை. ஒவ்வொரு லீவு முடியும்போதும் சுகர் மாத்திரையை மாசக் கணக்கில் வாங்கி, டாக்டர் சீட்டோடு சுத்தி எடுத்துட்டுப் போவார். அங்கே அட்டை இருக்கே, ஏன்னு கேட்டேன். "அட்டை கம்பெனியோடதுப்பா, சுகர் என்னோடது" ன்னார்.

நம்மளும் பெரிசா தப்பிச்சுடலை. அமெரிக்காவில் வைத்தியக் காப்பீடு கம்பெனியோடு ஒட்டிக்கிட்டதே இரண்டாம் உலகப் போரால்தான். 1942-ல் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட, ஆளைப் பிடிக்கக் கம்பெனிகள் காப்பீட்டைக் கொடுத்தாங்க. எச்-1பி ஆளுக்கு வேலை போனா அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். கம்பெனி காப்பீட்டை சொந்தக் காசில் தொடர 1986-ல் வந்த கோப்ரா சட்டம் வழி விடுது, ஆனா கம்பெனி பங்கையும் சேர்த்து நாமளே கட்டணும். சம்பளம் நின்ன மாசத்தில்!

அதனால் புறப்படுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுடுங்க. தினம் போடுற மாத்திரை இதில் சேருமா? வேலை போனா எத்தனை நாள் செல்லும்? கொண்டுபோற மருந்து அந்த ஊரில் தடையா? வலி மாத்திரையில் இருக்கிற டிரமடால், இருமல் மருந்தில் இருக்கிற கோடீன் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் இருக்கு. சீட்டும் முன் அனுமதியும் இல்லாம மாட்டினா டாக்டரைப் பார்க்க மாட்டீங்க, போலீஸைத்தான் பார்ப்பீங்க.

இன்னொண்ணு. உங்க வீட்டில் மலேயா, சிலோன் போய் வந்த குடும்பத்துப் பெரியவங்க யாராவது இருந்தா, கொயினா வரிசையைப் பத்தியும் தோட்டத்து டிரஸ்ஸரைப் பத்தியும் கேட்டு எழுதி வைங்க. சட்டங்களோட தேதி எப்படியும் எங்கேயாவது கிடைச்சுடும். அந்தக் கசப்பு எப்படி இருந்ததுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.