களஞ்சிய நகரின் காலை உணவு

தோக்கியோவிலிருந்து வடக்கு நோக்கி விரைவு ரயிலில் சென்று கோரியாமாவில் இறங்கி, அங்கிருந்து மலைகளினூடே செல்லும் சிறு ரயிலில் ஐஸு-வாகமட்சுவைக் கடந்து சென்றால் கிதகதா என்னும் நகரை அடையலாம். இங்கு வாழ்வோர் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்தவர்களே. ஆயினும் ஜப்பானின் பல திசைகளிலிருந்தும் மக்கள் இவ்வூரைத் தேடி வருகின்றனர். அவர்கள் நாடி வருவது ஒரு கிண்ணம் கோதுமை இழையும் சாறும். அதற்கு ராமென் என்று பெயர். வானொலியில் கேட்போர் அதை நம் இராமனோடு சேர்த்து எண்ணிவிட வேண்டாம்!

கிதகதாவின் பழைய பெருமை அதன் களஞ்சியங்களாம். கனத்த மண் சுவர் எழுப்பிச் சுண்ணச்சாந்து பூசிய இக்கட்டடங்களை அவர்கள் 'குரா' என்பர். அரிசி மதுவும் சோயாச் சாறும் வடிப்போர் தம் சரக்கைக் காக்க இவற்றைக் கட்டினர். 1880-ஆம் ஆண்டில் நிகழ்ந்த பெருந்தீ ஊரின் வீடுகளை அழித்தபோது, இவை புகையினிடையே நிலைத்து நின்றன. அதன்பின் களஞ்சியம் கட்டும் ஆர்வம் பன்மடங்காகியது. நாற்பது வயதில் ஒரு களஞ்சியம் எழுப்பாதவன் ஆண்மகன் அல்லன் என்று அங்கே ஒரு வழக்குண்டாம். நாற்பதைக் கடந்தும் வாடகை வீட்டில் குடியிருக்கும் என் போன்றோர் அவ்வூரில் தலைநிமிர்ந்து நடத்தல் அரிது.

இத்தகைய ஊருக்கு 1920-களில் சீனத்தின் செஜியாங் மாநிலத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். ஜப்பானியர் அவர் பெயரைப் பான் கின்செய் என உச்சரித்தனர். அருகிலிருந்த கானோ சுரங்கத்தில் வேலை செய்துவந்த தம் சிற்றப்பனாரை நம்பி அவர் கடல் கடந்து வந்தார் என்பர். கடுமையான கூலிவேலை அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. தாயகத்தில் கண்ட இழையுணவை நினைவிலிருந்தே சமைத்து, தள்ளுவண்டியில் வைத்து, சிறு குழலூதித் தெருத்தெருவாக விற்றார். பின்னர் கென்ராய்கென் என்னும் கடையை நிறுவினார். தொழில் மறைவு என்று எதையும் ஒளிக்காமல் கேட்டவர்க்கெல்லாம் அவர் செய்முறையைக் கற்பித்தார் என ஊரார் நன்றியுடன் கூறுவர். ஒரு கடை பல கடைகளானதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

அந்நாளில் இவ்வுணவின் பெயர் 'ஷினா சோபா'. சோபா என்பது ஐஸுப் பகுதி மக்கள் நெடுங்காலமாக உண்டுவந்த ஒருவகைத் தானிய இழை. ஷினா என்ற சொல்லோ நம் நாட்டிலிருந்து சென்றது. வடமொழியின் 'சீன' என்பதைப் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தோர் சீன எழுத்துகளில் ஒலிபெயர்த்தனர். அவ்வெழுத்துகளே ஜப்பானியர் நாவில் ஷினா ஆயின. குற்றமற்ற அச்சொல், 1937-இல் மூண்ட போரின் ஆண்டுகளில் இகழ்ச்சியின் கறை படிந்ததாயிற்று. அதனைத் தவிர்க்குமாறு 1946-இல் ஜப்பானிய வெளிநாட்டு அமைச்சகம் சுற்றறிக்கை விடுத்தது. கடைப் பலகைகள் 'சூகா சோபா' என மாறின. நாளடைவில் ராமென் என்பதே யாவர் வாயிலும் நிலைத்தது. சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாக உடைய எனக்கு, ஒரு சுற்றறிக்கை சமையற்கட்டு வரை சென்று பலனளித்த செய்தி வியப்பூட்டுகிறது. தாம் விற்ற உணவின் பெயரிலேயே தம் நாட்டின் மீதான ஏளனம் ஏறிய அவ்வாண்டுகளை, அந்த அயலவர் எவ்வாறு கடந்திருப்பார்!

போருக்குப்பின் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தது. இழைக் கடைகள் நாடெங்கும் பெருகின. ஆயினும் கிதகதாவின் பெயரை வெளியுலகம் அறிந்தது 1975-இல்தான். அவ்வாண்டு ஜப்பானிய ஒலிபரப்புக் கழகம் இந்நகரின் களஞ்சியங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் நிகழ்ச்சியொன்றை அளித்தது. களஞ்சியம் காண வந்தோர் நண்பகலில் பசித்தனர். பெரிய விடுதிகள் இல்லாத ஊரில் கிடைத்தது ராமென். உண்டவர்கள் ஊர் திரும்பிச் சொன்னது களஞ்சியத்தின் கதையை அன்று, கிண்ணத்தின் கதையை! நகராட்சியும் இதனை உணர்ந்து 1980-களில் விளம்பரம் செய்தது. இன்று சப்போரோ, ஹகாட்டா ஆகிய மாநகரங்களின் ராமெனோடு இச்சிற்றூரின் ராமெனையும் சேர்த்து மூன்று என எண்ணுவர்.

இழை தட்டையாகவும் தடித்தும் சுருண்டும் இருக்கும். மாவில் நீர் மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, சிறிது காலம் ஊறவிட்டு அறுப்பதால் மென்மையும் மீள்தன்மையும் ஒருங்கே வாய்க்கின்றன. ஈதே மலைப் பனி உருகி நிலத்தடியில் ஊறிய நீரே இதன் சுவைக்கு மூலம் என்பர். சாறு பன்றி எலும்பிலும், நம் நெத்திலிக் கருவாட்டை ஒத்த சிறுமீனிலும் வடித்து, சோயாச் சாற்றால் உப்பூட்டப்படுவது. எனவே மரக்கறி உண்போர் கண்ணாலேயே சுவைத்துத் திரும்ப வேண்டும்.

இதனை அவ்வூரார் விடியற்காலையில் உண்கின்றனர். இரவு முறை முடிந்து ஆலையிலிருந்து திரும்பியோரும், வயலில் முதல் வேலை முடித்தோரும் தொடங்கிய பழக்கம் அது என்பது வழக்கு. முதிர்ந்த உரிமையாளருக்குப் பின் நடத்துவாரின்றிச் சில கடைகள் மூடப்பட்டுள்ளன. ஏனையவற்றில் சில, பனி கொட்டும் தை மாதத்திலும் காலை ஏழு மணிக்கே திரையைத் தொங்கவிட்டு அடுப்பேற்றுகின்றன.